ஒல்லி லேப்டாப்பும் 238 ஜிபியும்

டிஸ்கி: இது டெக்னிக்கல் பதிவு மாதிரி ஆரம்பிச்சு பொலம்பல் பதிவா முடியும். 'பொட்டி தட்டுறவன் பொட்டியைப் பத்தியே எழுதினா எவன்டா படிப்பான்'னு ஆபீஸ் நண்பர் ஏற்கனவே ஓட்டியாச்சு. மன்னிச்சு படிங்க மக்களே :-)

தங்கச்சி விஸ்காம் மூணாவது வருஷம். காலேஜ் சேரும்போது "வெயிட்டா இருந்தா தோள் வலிக்கும்ணா"ன்னு சொல்லி, சப்பாத்திக் கல்லு தடிமன்ல ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். 256 ஜிபி எஸ்எஸ்டி. வாங்குன அன்னிக்கே திறந்து பார்த்துட்டு "அண்ணா, 238தான் காட்டுது, ஏமாத்திட்டாங்களா?"ன்னு கேட்டா. ஏமாத்தலைம்மா, தயாரிக்கிறவன் ஆயிரம் ஆயிரமா எண்றான், விண்டோஸ் 1024, 1024-ஆ எண்ணுது, அந்த வித்தியாசம்தான்னு விளக்கம் சொன்னேன். அவ நம்பல. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த 238-லயும் விண்டோஸ் 11 தனக்குன்னு ஒரு பெரிய அறையை எடுத்துக்கும், அடோப் சாமான்கள் ஒரு அறை. மிச்சம் இருக்கிற திண்ணையில குறும்படம் எடிட் பண்ணணும். போன செமஸ்டர் ப்ராஜெக்ட் கொடுக்க நாலு நாள் இருக்கும்போது சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டி நின்னுடுச்சு. வீட்ல ஒரே அழுகை.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துச்சு. நம்ம ஊர் அரசாங்க இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு ஜெயலலிதா தொடங்கி வெச்ச திட்டம். தொடக்க விழா எங்க திருவள்ளூர் மாவட்டத்துலதான் நடந்தது (அப்ப அம்பத்தூரும் அந்த மாவட்டம்தான், 2018-லதான் எங்களை சென்னைக்காரங்க ஆக்கினாங்க). அந்த முதல் வருஷ லேப்டாப்லயே ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. ப்ளஸ் டூ முடிக்கும்போது எனக்குக் கிடைச்சதுல 500. 2025-26 பட்ஜெட்ல காலேஜ் பசங்களுக்குன்னு மறுபடி அறிவிச்சாங்க, அதுல கேட்ட அளவு 256 ஜிபி எஸ்எஸ்டி. அரசாங்கத்தைக் குறை சொல்லல. எஸ்எஸ்டியோட வேகமே வேற, எட்டு ஜிபி ராமோட அது எவ்வளவோ மேல். நான் சொல்ல வர்றது சந்தையைப் பத்தி. பதினாலு வருஷத்துல நாம எடுக்கிற வீடியோ பத்து மடங்கு பெருத்துடுச்சு, ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்குற லேப்டாப்போட வயிறு மட்டும் சுருங்கிடுச்சு. ஏன் சுருங்குச்சு? வயித்துக்கு வெளியில வாடகைக்கு எடம் விக்க ஆளு இருக்கான், அதான்.

ஆமா, மேகத்தைத்தான் சொல்றேன். கூகுள் போட்டோஸ் 'எவ்வளவு வேணா ஏத்திக்கோ, ஃப்ரீ'ன்னு கூப்பிட்டுட்டு 2021 ஜூன் 1-ஆம் தேதியோட கதவைச் சாத்தினாங்களே, அந்தக் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். மெயிலு, போட்டோ, டிரைவ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபி. ஒன்டிரைவ் இன்னும் மோசம், 5 ஜிபி கொடுத்துட்டு டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் எல்லாத்தையும் தானா அள்ளிட்டுப் போயி 'நிறைஞ்சிடுச்சு, காசு கட்டு'ங்கும். 2024-ல நான் கூகுளுக்கு 100 ஜிபிக்கு வருஷம் 1,300 ரூபா கட்டினேன். பெரிய காசு இல்லதான். ஆனா அது சொந்த வீடு இல்ல, வாடகை வீடு. அதுவும் 100 ஜிபில விஸ்காம் பொண்ணோட ஒரு ப்ராஜெக்ட் கூட உக்காராது.

சரி, அழுகைக்கு வருவோம். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். கடைப் பேரு வேண்டாம். அவரு திருப்பிக் கூட பார்க்கல. "சார், ஸ்லிம் மாடல் எல்லாமே போர்டுலயே ஒட்டி வரும். ஏத்த முடியாது. எக்ஸ்சேஞ்ச்ல எட்டாயிரம் போட்டுத் தர்றேன், புதுசு எடுத்துக்குங்க." இன்ஜினியரிங் படிச்சவன், ஏழெட்டு வருஷமா இதே தொழில்ல இருக்கிறவன், தலையாட்டிட்டு வெளிய வந்தேன். என்ன கொடுமை சார் இது!

ராத்திரி தூக்கம் வரல. அந்த மாடலோட சர்வீஸ் மேனுவலைத் தேடினேன். லெனோவோ, டெல், எச்.பி. மாதிரி பெரிய கம்பெனிங்க எல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில கழட்டணும்னு படத்தோட பிடிஎஃப் போட்டிருக்காங்க, இலவசமா. யாரும் படிக்கிறதில்ல, அவ்ளோதான். தங்கச்சி லேப்டாப் மேனுவல்ல முப்பது சொச்சம் பக்கத்துல பளிச்சுன்னு இருந்துச்சு: எம்.2 ஸ்லாட் ஒண்ணு, கழட்டி மாட்டலாம். போர்டுல ஒட்டியிருந்தது ராம்தான்.

எனவே என் கட்சி இதுதான். எடம் பத்தலைன்னு புது லேப்டாப் வாங்காதீங்க, கடைக்காரர் சொன்னாருன்னு நம்பாதீங்க. முதல்ல மேனுவலைப் பாருங்க, அப்புறம் மூடியைத் திறங்க. மூணு விதமான பதில்தான் வரும். மேக்புக் ஏர் (2018-ல இருந்து) மாதிரியோ, ரொம்ப மலிவு லேப்டாப்ல வர்ற ஈஎம்எம்சி மாதிரியோ இருந்தா நிஜமாவே போர்டுல ஒட்டினது, ஒண்ணும் செய்ய முடியாது, வெளியில டிரைவ் மாட்டிக்க வேண்டியதுதான். சில லேப்டாப்ல எம்.2 போக ரெண்டரை இன்ச் டிரைவுக்கும் ஒரு காலி அறை இருக்கும். அதுக்கு பட்டைக் கேபிளும் ஒரு தகடும் தனியா வாங்கணும், ஆனா பழைய லேப்டாப்ல இருந்து கழட்டின டிரைவையே உள்ள வெச்சுடலாம். மூணாவதுதான் பெரும்பாலானோர் கேஸ்: ஒரே ஒரு எம்.2 ஸ்லாட், அதுல சின்னதா ஒண்ணு மாட்டியிருக்கும், அதை எடுத்துட்டு பெருசு போடணும்.

வாங்குறதுக்கு முன்னாடி நீளம் பாருங்க, தயவுசெஞ்சு. 2230, 2242, 2280-ன்னு போட்டிருக்கும். முதல் ரெண்டு எண் அகலம் 22 மில்லிமீட்டர், மிச்சம் நீளம். தங்கச்சி லேப்டாப்ல இருந்தது 2242, அதாவது 42 மில்லிமீட்டர். கடையில சாதாரணமா கிடைக்கிறது 2280. நல்ல வேளையா அதுல ஸ்க்ரூ போடுற எடம் ரெண்டு அளவுக்கும் இருந்துச்சு. எல்லா லேப்டாப்லயும் இருக்காது. அப்புறம் சாட்டாவா என்விஎம்ஈயான்னு பாருங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வாங்கினா வேலை செய்யாது. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க்கைத் தொட்டாலே பல சமயம் எந்த வகைன்னு சொல்லிடும்.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி குப்பையைக் கூட்டினோம். செலவில்லாத வேலை அதுதான். விண்டிர்ஸ்டாட்னு ஒரு பழைய இலவச மென்பொருள், எந்தக் கோப்பு எவ்வளவு எடத்தை அடைச்சிருக்குன்னு கலர் கலரா கட்டம் போட்டுக் காட்டும். தங்கச்சி டிரைவ்ல பெரிய கட்டமே டாவின்சி ரிசால்வோட கேஷ். எப்பவோ முடிச்ச ப்ராஜெக்டுகளோட எச்சம், 61 ஜிபி! அழிச்சா எந்த நஷ்டமும் இல்ல, வேணும்னா அதுவே மறுபடி உருவாக்கிக்கும். டெலிகிராம்ல இறக்கின படங்கள் ஒரு 20. (எந்தப் படம்னு கேக்கல. அண்ணனுக்கும் ஒரு நாகரிகம் வேணும்ல.) ஹைபர்னேட்டை அணைச்சா மூணு ஜிபி. என் லேப்டாப்பையும் சும்மா பார்த்தேன். லினக்ஸுக்காக நான் வெச்சிருக்கிற ஒரே ஒரு கோப்பு 90 ஜிபிக்கு ஊதியிருந்தது. உள்ள அழிச்சாலும் அந்தக் கோப்பு தானா சுருங்காது, நாமதான் சுருக்கணும். ஊருக்கு உபதேசம் :-(

ப்ராஜெக்ட் அன்னிக்குத் தப்பிச்சுது அந்த 80 ஜிபிலதான். அடுத்த சனிக்கிழமை நிதானமா ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அம்பத்தூர்ல ட்ரெயின் புடிச்சு சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோல ஒரே ஸ்டேஷன், கவர்ன்மெண்ட் எஸ்டேட். எறங்கி நடந்தா போயிடலாம். நரசிங்கபுரம் தெருவுல நுழையும்போதே 'என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா'ன்னு கையைப் புடிச்சு இழுப்பாங்களே, அது எனக்கு ரொம்பப் புடிச்ச வரவேற்பு. ஆனா விலை கேட்டதும் புடிச்சது எல்லாம் போயிடுச்சு. 2023-ல ஃபிளாஷ் மெமரி உலகத்துல தேங்கிக் கெடந்த நேரம், நாலாயிரத்துக்குள்ள 1 டிபி கிடைச்சுது. அப்ப வாங்காம விட்ட கூட்டத்துல நானும் ஒருத்தன். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை மொத்தமா அள்ள ஆரம்பிச்சதும் விலை எகிறிடுச்சு. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல 'எங்க க்ரூஷியல் பிராண்டை இனிமே பொதுமக்களுக்கு விக்கப் போறதில்ல'ன்னே அறிவிச்சுட்டாங்க. நம்ம மாதிரி சின்ன பட்ஜெட் ஆளுங்க கண்ணை மூடிட்டு வாங்கின பிராண்டு அது. நாம சாட்ஜிபிடிகிட்ட கவிதை எழுதச் சொல்லிக் கேட்டதுக்கு தண்டனை, எஸ்எஸ்டில வந்து விடியுது.

ரெண்டு கடை ஏறி எறங்கி, பில்லோட, வாரண்டியோட 1 டிபி ஒண்ணு வாங்கினேன். கூடவே ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு என்விஎம்ஈ கேசிங். இந்தக் கேசிங்தான் இந்த வேலையோட சூட்சுமமே. முதல்ல புது எஸ்எஸ்டியை அதுல போட்டு யுஎஸ்பில சொருகி, பழைய டிரைவை அப்படியே அதுக்கு நகல் எடுக்கலாம். நகல் எடுத்து மாத்தினதும் பழைய 256-ஐ அதே கேசிங்ல போட்டா, சட்டைப்பைல வெச்சுக்கிற மாதிரி வேகமான வெளி டிரைவ் ரெடி. ஒரு செலவு, ரெண்டு வேலை.

நகல் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கண்டம் இருந்துச்சு. இது முக்கியம், கவனமா படிங்க. இப்ப வர்ற விண்டோஸ் 11 நாம கேக்காமலே டிரைவைப் பூட்டி வெச்சிருக்கும், பிட்லாக்கர் வகைப் பூட்டு. உள்ள ஏதாவது மாத்தினா '48 இலக்க சாவியைச் சொல்லு'ன்னு நிக்கும். சாவி எங்க இருக்கும்? முதல்ல எந்த மைக்ரோசாஃப்ட் கணக்குல லேப்டாப்பைத் தொடங்கினோமோ அந்தக் கணக்குல. செட்டிங்ஸ்ல போய் பார்த்தா, தங்கச்சி லேப்டாப்போட கணக்கு ஏதோ முன்பின் தெரியாத ஒரு மெயில் ஐடி! வாங்குன அன்னிக்கு கடைப் பையன் 'நானே செட் பண்ணித் தர்றேன் மேடம்'னு அவனோட மெயிலைப் போட்டு ஆரம்பிச்சுக் கொடுத்திருக்கான். மூணு வருஷமா எங்க வீட்டுப் பூட்டுக்குச் சாவி யாரோ ஒருத்தன்கிட்ட இருந்திருக்கு. அவன் கெட்டவன்னு சொல்லல, அவனுக்கே ஞாபகம் இருக்காது. ஆனா லேப்டாப் ஒரு நாள் மக்கர் பண்ணியிருந்தா மூணு வருஷப் படிப்பு மொத்தமும் பூட்டுக்குள்ள. அவ்வ்வ்...

லேப்டாப் ஒழுங்கா திறந்திருக்கும்போதே பார்த்ததால தப்பிச்சோம். தங்கச்சி பேர்ல கணக்கு சேர்த்து, பழைய மெயிலைத் தூக்கிட்டு, பூட்டை அணைச்சோம். அரை மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் நகல். நீங்க எடத்தை ஏத்துறீங்களோ இல்லையோ, இன்னிக்கே உங்க வீட்டு லேப்டாப்புங்க யாரு கணக்குல இருக்குன்னு பாருங்க. அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை முக்கியமா.

நகலுக்கு க்ளோன்ஜில்லா, இலவசம். (எல்லாரும் கொண்டாடின மேக்ரியம் இலவசப் பதிப்பை 2024 ஜனவரியோட நிறுத்திட்டாங்க.) எடுத்து முடிச்சுப் பார்த்தா 1 டிபி டிரைவ்ல சி டிரைவ் பழைய அளவுலயே நிக்குது! நடுவுல ரெக்கவரி பார்ட்டிஷன் குறுக்க படுத்துக்கிட்டு சியை நீட்ட விடல. ஜிபார்ட்டட் போட்டு அதைக் கடைசிக்குத் தள்ளினதும் சரியாச்சு. மூடியைத் திறக்கிறதுக்கு பழைய ஏடிஎம் கார்டு போதும். ரெண்டு ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியில ஒளிஞ்சிருந்தது, மேனுவல் பார்க்காம நெம்பியிருந்தா மூடி உடைஞ்சிருக்கும். பேட்டரி இணைப்பை முதல்ல எடுத்துட்டேன். மொத்தம் இருபது நிமிஷம். எட்டாயிரம் எக்ஸ்சேஞ்ச் தர்றேன்னவரை நெனச்சு சிரிச்சுக்கிட்டே ஸ்க்ரூ முடுக்கினேன்.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவங்க, பழைய லேப்டாப்ல தூங்குற ரெண்டரை இன்ச் டிரைவை எடுத்து முந்நூறு நானூறு ரூபா கேசிங்ல போட்டுக்கலாம். வேகம் கம்மி, ஆனா முடிஞ்ச ப்ராஜெக்டைத் தூக்கிப் போட போதும். மெமரி கார்டு ஸ்லாட் இருந்தா பாட்டு, பிடிஎஃப் வைக்கலாம், அதுக்கு மேல அதை நம்பாதீங்க. ஆன்லைன்லயும் பிளாட்பாரத்துலயும் '2 டிபி பென்டிரைவ் 600 ரூபா'ன்னு விக்கிறதைத் தொடவே தொடாதீங்க. என் ரூம்மேட் ஒருத்தன் வாங்கினான். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு ஜெர்மன்காரங்க மென்பொருள், உண்மையிலேயே எழுதிப் படிச்சுப் பார்க்கும். 30 ஜிபிக்கு மேல எழுதினது எல்லாம் காத்துல போயிருக்கு. உள்ள இருக்கிற சிப்பைப் பொய் சொல்ல வெச்சிருக்காங்க. 2 டிபின்னு விண்டோஸும் நம்பும், நாமளும் நம்புவோம், போட்டோ மட்டும் இருக்காது.

இப்ப பொலம்பல்.

எனக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் 2020-லயே செத்துப் போச்சு. அதோட 500 ஜிபி டிரைவை மேல சொன்ன மாதிரி கேசிங்ல போட்டு வெளி டிரைவா வெச்சிருந்தேன். அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரில முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்து 2018-ல ரிட்டயர் ஆனார். அன்னிக்கு மாலை போட்டு, மேளம் வெச்சு வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்தாங்க. அந்த வீடியோ டிவிடில கொடுத்தாங்க. என் லேப்டாப் நிறைஞ்சிடுச்சுன்னு வீடியோவை வெளி டிரைவுக்கு 'மூவ்' பண்ணேன். காப்பி இல்ல, மூவ். டிவிடியும் டிரைவும் ஒரே பீரோவுல கீழ்த்தட்டுல.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம். எஸ்டேட் பக்கம் தண்ணி நின்ன படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. எங்க வீடு தரைத்தளம். அப்பாவையும் அம்மாவையும் மாடி வீட்டுக்கு ஏத்துறதுலயே இருந்தோம், பீரோ ஞாபகம் வரல. தண்ணி வடிஞ்சப்ப கேசிங்குக்குள்ள சேறு. ஹார்ட் டிஸ்க்ல காத்து போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா உள்ள போயிருக்கணும். நான் செஞ்ச முட்டாள்தனம், ரெண்டு நாள் காய வெச்சு சொருகிப் பார்த்தேன். கிர்ருனு ஒரு சத்தம், அதோட சரி. நனைஞ்ச டிஸ்க்கை சொருகவே கூடாதாம், அப்படியே மீட்கிறவங்ககிட்ட கொடுக்கணுமாம். அது அப்புறம்தான் தெரிஞ்சுது. டிவிடி தண்ணில பிசுபிசுத்து உரிஞ்சு போச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல. "அதுல என்ன இருக்கு, மாலை போட்டாங்க, வந்தேன்"னார். 2024 கடைசியில அவரும் போயிட்டார்.

வாடகை வீடுன்னு மேல திட்டினேன்ல, அந்த மேகத்துல அந்த ஒரு வீடியோ இருந்திருந்தா இன்னிக்கு இருந்திருக்கும். ரெண்டு ஜிபி கூட இல்ல அது. இலவச 15-லயே இடம் இருந்துச்சு. எடத்துக்காக மேகத்துக்குக் காசு கட்டாதீங்கன்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா போனா வராத சாமான் ஒவ்வொரு வீட்லயும் கொஞ்சம்தான் இருக்கும். அதை மட்டும் லேப்டாப்ல ஒண்ணு, வெளி டிரைவ்ல ஒண்ணு, மேகத்துல ஒண்ணு வைங்க. வெளி டிரைவுக்கு ஒரு கோப்பை மூவ் பண்ணா எடம் கூடும், பத்திரம் கூடாது. தங்கச்சியோட பழைய 256 இப்ப பூந்தமல்லில மாமா வீட்ல, மூணாவது மாடில இருக்கு. மாசம் ஒரு தடவை போய் புதுசா சேர்ந்ததை ஏத்திட்டு வர்றேன். மாமி காப்பி நல்லா இருக்கும், அது வேற.

போன வாரம் பட்டாபிராம்ல இருக்கிற அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் போன் பண்ணார். அவரும் அதே நாள்ல ரிட்டயர் ஆனவர். ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்த வீடியோதானாம், டிவிடி அவர் வீட்டுப் பரண்ல இருக்காம், "வந்து வாங்கிக்கோ தம்பி"ன்னார். இந்த ஞாயித்துக்கெழமை போறேன். எங்க வீட்டு ஒல்லி லேப்டாப் எதுலயும் டிவிடி டிரைவ் கிடையாது. யாருகிட்டயாவது யுஎஸ்பில சொருகுற டிவிடி டிரைவ் சும்மா கெடந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எந்தப் பக்கமா இருந்தாலும் நானே வந்து வாங்கிட்டுப் போய் பத்திரமா திருப்பிக் கொடுத்துடறேன்.